வீங்காத கடி

சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பி நிற்கும் சிலந்தியைக் கண்டு பயப்பட வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. வயிற்றடியில் வெள்ளை வட்டாய் முட்டைப்பையைச் சுமந்துகொண்டு கரப்பான் தேடும், அவ்வளவுதான். மூலையில் ஒட்டடை கட்டும் நெட்டைக்காலிக்குக் கடிக்கவே தெம்பு கிடையாது. செண்பகத்தோப்புக் காட்டு மரப்பொந்துகளில் இருக்கும் மயிர்ச்சிலந்தி மட்டும் ஆளைப் படுக்கவைக்கும். அதுவும் கொல்லாது.

இராஜபாளையத்தில் விஷக்கடி என்றால் சீனியம்மாள் வீட்டைத்தான் கேட்பார்கள். தாலியறுத்து, தம்பி வேல்சாமி வீட்டில் ஒண்டியிருந்த எனக்கு அந்த மரியாதை ஒன்றுதான் சொத்து. மருந்திலையைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அரைப்பேன். பேரை வெளியே விட்டால் மருந்து பலிக்காது.

தம்பி பெண்டாட்டி வெள்ளத்தாய் போன வைகாசியிலிருந்து துருவ ஆரம்பித்தாள். சிலந்தியைக் கொட்டாங்கச்சியால் மூடி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். இது விஷமா, அது விஷமா, சின்னப் பிள்ளையைக் கடித்தால் என்ன ஆகும் என்று ஓயாமல் கேள்வி. நான் உள்ளே நுழைந்தால் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்துவார்கள். தொழிலைக் கற்றுக்கொண்டு என்னை வெளியே தள்ளப் பார்க்கிறாள் என்பது புரியாமல் இருக்க நான் என்ன பச்சைப்பிள்ளையா? ஒருநாள் அரைக்கும்போது கதவிடுக்கில் நின்று, "அது என்ன எலை மதினி?" என்றாள். அரைத்ததை முந்தானையால் மூடினேன்.

போன ஆடியில் ஒரு விடிகாலை, காலில் ஏதோ சுருக்கென்றது என்று வந்தாள். கணுக்காலில் இரண்டு புள்ளி. வீக்கமில்லை, எரிச்சலில்லை. சிலந்தி கடித்தால் வீங்கும். வீங்காத கடி எது என்று எனக்குத் தெரியும். அவள் படுத்திருந்த பாயை நான் உதறப் போனபோது விறகுக்கடியில் வெள்ளை வளையம் போட்ட வால் நுழைவதையும் பார்த்தேன். கட்டுவிரியன்.

சுவரிலிருந்து ஒரு சிலந்தியை அடித்துக் கொண்டுவந்து காட்டினேன்.

"இதுதாம்ட்டி. ஒண்ணுஞ் செய்யாது."

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டட்டுமா என்றான் தம்பி. முதலில் வேப்பிலை கொடுத்துப் பார்ப்போம் என்றேன். இலை கசக்காவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வேப்பிலையில் சிறியாநங்கைச் சாற்றைத் தடவியிருந்தேன். அதுதான் என் மருந்திலை. இனிமேல் பேரைச் சொன்னால் என்ன? எந்த நாக்குக்கும் கசக்கும்.

"எம்புட்டுக் கசப்பு மதினி" என்று துப்பினாள். தம்பி சிரித்துவிட்டான். மில் சங்கு ஊதியதும் கிளம்பிப் போனான்.

கடிபட்டவரைத் தூங்க விடக்கூடாது என்று ஊருக்கே சொல்கிறவள் நான். அவளுக்குப் பாய் விரித்து, செத்த நேரம் கண்ணசரச் சொன்னேன். இமை தொங்கியது, நாக்குக் குழறியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். விசிறியபடி பக்கத்திலேயே இருந்தேன். உச்சிப்பொழுதில் மூச்சு நின்றது. சிலந்தி இல்லை என்று தெரிந்தேதான் சிலந்தி என்றேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்.

காடாற்றிவிட்டு வந்து தம்பி என் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

"மூணு மாசம்க்கா. நல்லாத் தங்குன பொறவு ஒங்கிட்டச் சொல்லணும்னு இருந்தா. பொறக்கப்போற பிள்ளையத் தொட்டில்ல பூச்சி கடிச்சிருமோன்னு பயந்துதான் அம்புட்டையும் கேட்டா."

அவன் அப்படித்தான் சொல்கிறான். எனக்கு நம்பிக்கையில்லை. பிள்ளைக்காகப் பயந்தவள் பூச்சியைப் பற்றித்தானே கேட்க வேண்டும். இலையை எதற்குக் கேட்டாள்?