வேலியோர ஓமவல்லி

கேளுங்க, கொட்டாவி விடாமக் கேளுங்க. நம்ம பூட்டன் பொறக்கதுக்கும் முன்ன, இதே காரவிளையில ஆவுடைத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். நம்ம வம்சத்துக்காரிதான். புருசன் போய்ச் சேந்துட்டான், பிள்ளை குட்டி கெடையாது. ஊர்க்கோடியில ஒத்த வீடு.

பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம ஏங்கிக் கெடந்தவ என்ன செஞ்சா? இலைக்கு வாறவங்க நாலு வார்த்தை பேசிட்டுப் போவாவன்னு, வேலியோரம் பூரா ஓமவல்லி வச்சா. ஒரு கொப்ப ஒடிச்சு ஊனினாப் போதும், பிடிச்சுக்கிடும். நுனி கிள்ளக் கிள்ள பொதராக் கட்டும். ஊர்க்கோடியே பாக்க லட்சணமா ஆயிட்டாம்.

மொத ஆளா வந்தவ அடுத்த தெரு பொன்னுத்தங்கம். "அத்தே, பிள்ளைக்கு இருமல். கொஞ்சம் இலை பறிச்சுக்கிடட்டா?"

"இதுக்குப் போயி கேக்கணுமா தாயி? எப்ப வேணும்னாலும் பறிச்சுக்கோ. எல்லார்ட்டயும் சொல்லு."

நல்ல மனசுலதான் சொன்னா. அங்கதான் கெட்டா, பாவி! கஷாயத்துக்குப் பறிச்சாவ, ரசத்துக்குப் பறிச்சாவ, பஜ்ஜிக்குப் பறிச்சாவ. எல்லாம் வேலிக்கு வெளிய நின்னே பறிச்சாவ. உள்ள வந்து, "அத்தே, சாப்பிட்டியளா"ன்னு ஒருத்தி கேட்டாளா? கேக்கலையே! பறிக்கிற கையத்தான் அவ தெனமும் பாத்துக்கிட்டு இருந்தாளாம்.

ஒரு பங்குனி வெயில்ல காய்ச்சல் கண்டுட்டு. படுத்தவ எந்திரிக்கல. வெளிய இலை கிள்ளுத சத்தம் கேக்கு. "யாரு தாயி... தண்ணி..."ன்னு கூப்பிடுதா. தொண்டையத் தாண்டிச் சத்தம் வரல. வந்தவ பறிச்சுட்டுப் போயிட்டா.

வேற செடியா இருந்தா, தண்ணி ஊத்த ஆளில்லாம வாடிருக்கும். "என்ன, காஞ்சு கெடக்கே"ன்னு யாராவது எட்டிப் பாத்திருப்பாவ. இந்தச் சனியன் வாடலையே! கோயில் கொடைக்கு அழைக்கப் போனவங்கதான் பாத்தாவளாம், உசுரு போயிருந்துச்சாம். அன்னைக்குக் காலையிலகூட பொன்னுத்தங்கம் அந்த வேலியில இலை பறிச்சிருந்தா. அடுப்புல கொதிச்ச ரசத்தக் கீழ கொட்டிட்டு, "நான் மனுசியா"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாளாம்.

அவதான் ஒரு கொப்ப ஒடிச்சு, தன் அடுக்களை வாசல்ல கொண்டு ஊனினாளாம். அன்னையிலருந்து காரவிளையில எவளும் ஓமவல்லிய வேலியில வைக்கது கெடையாது. இலை வேணும்னா உள்ள வரணும், உக்காரணும், பேசணும். வீட்டுக்காரிதான் கிள்ளித் தருவா. நம்ம வீட்டுலயே பொதராக் கெடந்தாலும் சரி, தனியா இருக்கவங்க வீட்டுக்குப் போயி, "இலை இருக்கா"ன்னு கேட்டு நிக்கணும்.