எர்லி என்பது என் தம்பியின் பெயர்

என் பெயர் வெர்லீன் பக்ஸ்டன். வயது முப்பத்து நான்கு. தகப்பனார் பெயர் ஹோசியா பக்ஸ்டன், காலமாகிவிட்டார். மெம்ஃபிஸ் நகரின் தெற்குப் பகுதியில் சவரக்கடை ஒன்றின் மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் பாடுகிறேன். இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி ஹார்லன் ஸ்ட்ரவுட் அவர்கள் என்மேல் வழக்குப் போட்டிருக்கிறார். அவருடைய கம்பெனிக்குச் சொந்தமான பாட்டை நான் பீல் தெரு இசைவிடுதியில் அனுமதி இல்லாமல் பாடி, டெல்ஃபின் ரே என்ற பாடகியின் குரலை நகல் செய்தேன் என்பது வழக்கு. அது பற்றிக் கேட்டதற்கு இதைச் சொல்கிறேன். தன் குரலைத் தானே நகல் செய்தாள் என்று ஒருத்தியின் மேல் வழக்குப் போடலாம் என்பது எனக்கு இதற்கு முன் தெரியாது. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் பிறந்தது மிசிசிப்பியில், பருத்திக்காட்டில். எனக்கு ஒரே தம்பி. குறை மாதத்தில், முன்கூட்டியே பிறந்ததால் அப்பா அவனுக்கு எர்லி என்று பெயர் வைத்தார். எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு 'நேரத்தோடு' என்றும் அர்த்தம் உண்டு. அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். சாயங்காலம் காட்டின் இந்த ஓரத்தில் நின்று கூப்பிடுவேன். பெயரின் முதல் பாதியை மேலே தூக்கி நிறுத்தி, மறு பாதியை மூன்று படியாக இறக்குவேன். அந்த மாதிரி அவனை வேறு யாரும் கூப்பிட்டதில்லை. அவன் மறு ஓரத்திலிருந்து, "கத்தாதக்கா, வந்துட்டுத்தான் இருக்கேன்" என்பான், ஆனால் இருந்த இடத்தைவிட்டு அசைந்திருக்க மாட்டான்.

அதன் பிறகு, அவனுக்குப் பதினெட்டு வயது நடக்கும்போது, ஜின்னிங் மில்லில் எடை போடுகிற இடத்தில் மேலாளரின் மகன் என்னைக் கன்னத்தில் அறைந்தான். எர்லி அவனைத் திருப்பி அடித்தான். பல் ஒன்று போய்விட்டது. எங்கள் ஊரில் வெள்ளைக்காரப் பல்லுக்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், எர்லி அன்று சாயங்காலமே சரக்கு ரயிலில் ஏறி வடக்கே போய்விட்டான். ஷெரிஃப் அவன்மேல் வாரண்ட் போட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டை யாரோ கொளுத்தினார்கள். யார் என்று ஊருக்கே தெரியும், ஷெரிஃபுக்கு மட்டும் தெரியவில்லை. நான் மெம்ஃபிஸுக்கு வந்துவிட்டேன். அவன் இருக்குமிடம் எனக்குத் தெரியாது. என் இடம் அவனுக்குத் தெரியாது. வாரண்ட் இருந்ததால் யாரிடமும் விசாரிக்கவும் முடியவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாதக் கடைசி ஞாயிறு, ஊரைவிட்டுப் போனவர்களைப் பெயர் சொல்லிப் பாட்டில் கூப்பிடுவோம். அவர்கள் சார்பில் சபையார், "வழியில இருக்கான்" என்று பதில் கொடுப்பார்கள். இறந்தவர்களுக்கு இது கிடையாது. எர்லியின் பெயரை நான் ஒரு மாதமும் விட்டதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வழக்குக்கு உட்பட்ட பாட்டின் கடைசிப் பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

அதன் பிறகு, 1967 வசந்த காலத்தில், ஸ்ட்ரவுட் அவர்களின் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் பின்குரல் பாட எங்கள் சபைப் பெண்களைக் கூப்பிட்டார்கள். அது முன்பு ஐஸ் கம்பெனியாக இருந்த கட்டிடம். காத்திருந்த நேரத்தில் நான் என் பாட்டு ஒன்றை முணுமுணுத்தேன். மழை வரப்போகிறது, அடுப்பில் சோளரொட்டி இருக்கிறது, வீட்டுக்கு வா என்று போகும். ஸ்ட்ரவுட் அவர்கள் கேட்டுவிட்டு, "பொண்ணே, இது யாரு பாட்டு?" என்றார். "என்னோடதுங்க" என்றேன். அதன் பிறகு டெல்ஃபின் ரே என்ற பெண்ணை அழைத்துவந்தார். ஒல்லியான, லட்சணமான பெண். "நீ சும்மா ட்ராக் பாடிக் குடு, இவ கேட்டுக் கத்துக்கட்டும்" என்றார். நான் பாடினேன். பாட்டு முடிகிற இடத்தில் மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். டிரம் அடித்தவர் எங்கள் சபைக்காரர், அவர் நிறுத்தவில்லை. அவர் நிறுத்தாதபோது என்னாலும் நிறுத்த முடியவில்லை. காட்டு ஓரத்தில் நின்று கூப்பிடுவது போலவே எர்லியைக் கூப்பிட்டேன்.

வெளியே வந்ததும் ஸ்ட்ரவுட் அவர்கள், "அடேயப்பா, நேரத்தோட வா, நேரத்தோட வான்னு என்னா கெஞ்சு கெஞ்சுற! எந்தப் பய உன்ன இப்படி அலையவிட்டான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நேரத்தோடு இல்லை, ஒரு ஆளின் பெயர் என்று நான் சொல்லவில்லை. வாரண்ட் அப்போதும் இருந்தது. அந்தக் கூப்பாடு வானொலியில் போனால் போதும், அதற்குப் பின்னால் என் பெயரையும் ஊரையும் சொன்னால் போதும், கேட்க வேண்டியவன் கேட்டுக்கொள்வான் என்று நினைத்தேன். இசைத்தட்டில் என் பெயர் வரும் என்று சொல்லித்தான் ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார்.

அதன் பிறகு இசைத்தட்டு வந்தது. குரல் என்னுடையது. அட்டையில் டெல்ஃபினின் படமும் பெயரும். பாட்டை எழுதியவர் ஹார்லன் ஸ்ட்ரவுட் என்று போட்டிருந்தது. சோளரொட்டி எந்த அடுப்பில் வேகும் என்று அவருக்குத் தெரியுமா என்று நான் இங்கே கேட்கப் போவதில்லை. நேரில் போய்க் கேட்டதற்கு, "உன் மூஞ்சிய அட்டையில போட்டா எவன் வாங்குவான்? கொரலுக்கு ஏது மூஞ்சி?" என்றார். "மூஞ்சி வேண்டாங்க. வெர்லீன் பக்ஸ்டன், மெம்ஃபிஸ்னு ரேடியோவுல ஒருக்கா சொல்லச் சொன்னாப் போதும்" என்றேன். "ஏன், எலெக்‌ஷன்ல நிக்கப்போறியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாட்டு நன்றாக ஓடியது. சலவைக்கூடத்தில் ரேடியோவோடு சேர்ந்து பெண்கள், "நேரத்தோட வாடா" என்று ஆளுக்கொரு புருஷன் பெயரைச் சேர்த்துப் பாடிக் கேலி செய்துகொள்வார்கள். கீழே சவரக்கடையிலும் அதே பாட்டு. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் பெயர் சொல்வதற்கு முன் கொஞ்சம் இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் என் பெயரை நான் இஸ்திரி மேஜைக்குச் சொல்வேன். அதன் பிறகு அவர் டெல்ஃபின் ரே என்பார்.

இந்த வருடம் ஷெரிஃப் இறந்துபோனார், வாரண்டும் ரத்தாகிவிட்டது என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகுதான் பீல் தெரு விடுதியில் என் பெயரை வாசலில் எழுதிப்போட்டு, அந்தப் பாட்டை நான் பாடினேன். பாடியது உண்மை. மறுக்கவில்லை.

வழக்குப் போட்ட பிறகு, டெல்ஃபின் ரே சலவைக்கூடத்துக்கு என்னைத் தேடி வந்தாள். கம்பெனி அவளையும் கைகழுவிவிட்டது. நான் இஸ்திரி போட்ட விரிப்பின் மறு முனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தாள். அதன் பிறகு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

"அக்கா, போன வருசம் வடக்க, கிளீவ்லாந்து தியேட்டர்ல ஒரு ஆளு பின்வாசலுக்கு வந்தாரு. என்னப் பாத்ததும் மொகம் செத்துப்போச்சு. 'ஏம்மா, ரேடியோல பாடுனது நீதானா?'ன்னாரு. ஆமான்னேன். அப்படித்தான் சொல்லணும்னு கம்பெனி உத்தரவு. 'கடைசில ஒரு பேரு வருதே, அத யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?'ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுக்கா. 'பேருமில்ல ஒண்ணுமில்ல. புருஷன் நேரத்தோட வீட்டுக்கு வரணும்னு பாட்டு, அவ்வளவுதான்'னேன். தொப்பியக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. 'அப்ப சரிம்மா, நான்தான் வேற என்னமோ நெனச்சுட்டேன்'னு சொல்லிட்டு ஒரு காகிதப் பையக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

பையில் என்ன இருந்தது என்று கேட்டேன். உரித்த பீக்கன் பருப்பு என்றாள். "ஒண்ணுகூட ஒடையலக்கா. எல்லாம் முழுசு முழுசா இருந்துச்சு" என்றாள். பீக்கன் கொட்டையை நான் உரித்தால் நொறுங்கித்தான் வரும். சின்ன வயதிலிருந்தே எனக்கு உரித்துக் கொடுப்பவன் எர்லி. ஓட்டை உடைத்துப் பருப்பை நோகாமல் எடுப்பான்.

அவன் என் குரலைக் கேட்டிருக்கிறான். கேட்டுக் கிளம்பி வந்திருக்கிறான். அவன் பெயரை அவனிடமே பெயர் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். டெல்ஃபின்மேல் எனக்குக் கோபம் வந்தது. அதன் பிறகு அவள் அழுததைப் பார்த்ததும் போய்விட்டது. தம்பியைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் போகவில்லை. இதை நீதிமன்றத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் இப்படியே சொல்கிறேன்.

மற்றவற்றை என் வக்கீல் பேசுவார். நான் கேட்பது, பாட்டைப் பாடியது யார், எந்த ஊர் என்று வானொலியில் சொல்ல உத்தரவிட வேண்டும். அவன் இன்னொரு முறை கேட்பான்.

இந்த வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தவர் எனக்குப் படித்துக் காட்டினார். தாளை வாங்கிப் பார்த்தேன். என் தம்பியின் பெயரை எல்லா இடத்திலும் ஆட்பெயருக்கு உரிய பெரிய எழுத்தில் இல்லாமல் சின்ன எழுத்தில் ஆரம்பித்து, 'நேரத்தோடு' என்று வரும்படி அடித்திருந்தார். பெரிய எழுத்தில் திருத்தினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அவர் ஒவ்வொன்றாகத் திருத்தி, சரிதானா என்று கேட்பதற்காக "எர்லி" என்று உரக்கப் படித்தார். அப்போது, சாட்சி சொல்ல வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்த டெல்ஃபின் ரே, "வழியில இருக்கான்" என்றாள்.

அதையும் எழுத வேண்டுமா என்று தட்டச்சு செய்தவர் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

இதில் கண்டவை யாவும் நான் சொன்னவை. யாருடைய தூண்டுதலும் இல்லை. திருத்தங்கள் என் முன்னிலையில் செய்யப்பட்டன. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) வெர்லீன் பக்ஸ்டன்
எர்லி பக்ஸ்டனின் அக்கா
மெம்ஃபிஸ், ஜூலை 1971