யார் வீட்டு ஏங்க?

சோலைமலை மேல நித்திய வாசம் பண்ற பெருமாளே, நூபுர கங்கையில திருமஞ்சனம் கொள்ற சுந்தரராசா, இந்த வளைவுல இந்த பஸ்ஸைக் கவுத்துப்புடாம கீழ கொண்டுபோய்ச் சேத்துருப்பா!... ஸ்ஸ்... பாத்தியா தாயி, டிரைவரு எப்படி ஒடிக்கிறாருன்னு? நீ கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்க. மடியில பை இருக்கு, பைக்குள்ள பெருமாள் படம் இருக்கு, கண்ணாடி போட்டது. இல்லல்ல, நீ வாங்கி வச்சுக்க வேணாம், நானே வச்சுக்கிறேன்.

எங்க விட்டேன்? ஆங், வெந்நி. எந்நேரமும் வெந்நி உண்டுன்னு அந்த ஓட்டல் வாசல்லயே எழுதிப் போட்டிருக்காக. குழாயைத் திருகுறேன், முதல்ல ஒரு பெருமூச்சு வருது. அப்புறம் ஒரு இருமல். அதுக்கப்புறம் தண்ணி வருது பாரு, இமயமலையில இருந்து நேரா குழாய் இழுத்த மாதிரி! ஓட்டல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டா, "கொஞ்சம் விட்டுப் பிடிங்கம்மா, சூடு ஏறிரும்"னாரு. விட்டுப் பிடிச்சேன். சூடு எனக்குத்தான் ஏறுச்சு.

எல்லாம் எங்க மக சத்யப்ரியா பண்ண வேலை. சென்னையில இருக்கா. எங்க கல்யாண நாளுக்குன்னு அவளே போன்ல தேடிப் பிடிச்சு, ரூமும் போட்டு, "அம்மா, மதுரைத் தல்லாகுளத்து வெயில்லயே காஞ்சுக்கிட்டு இருக்கீகளே, மேல்மலையில ஏரிக்கரை மேல ஒரு பண்ணை வீடு இருக்கு, அதையே ஓட்டலா நடத்துறாக, அப்பாவும் நீயும் போயிட்டு வாங்க"ன்னா. போட்டோவும் அனுப்புனா. நீல நெறத்துல ஏரி, கரையில வாத்து, வாத்துக்குப் பக்கத்துல நாற்காலி. வாத்து இருந்துச்சு. நாற்காலியும் இருந்துச்சு. ஏரியைத்தான் காணோம்! "ஏரி எங்கப்பா?"ன்னு கேட்டேன். "உங்க முன்னாடிதேன் இருக்கும்மா, பனி மூடியிருக்கு, காலையில தெறக்கும்"னாரு. "ஏரிக்கும் நடை சாத்துவீகளா?"ன்னேன். அந்த மனுசனுக்குச் சிரிக்கவும் தெரியலை, கோவிக்கவும் தெரியலை. பேயாண்டின்னு பேரு, பூண்டு வெவசாயம் பண்றவரு. நல்ல மனுசன்தேன், குறை சொல்லக்கூடாது. குறை இருந்தா மட்டும் சொல்லணும்.

மெத்தைய எடுத்துக்க. ஈரத்துணியப் பிழியாம விரிச்ச மாதிரி ஜிலீர்னு இருக்கு. போர்த்துறதுக்கு மூணு கம்பளி. மூணையும் போத்துனா மூச்சு விட முடியலை, ரெண்டைப் போத்துனா பல்லு தாளம் போடுது. காலையில ரொட்டியும் ஜாமும் குடுத்தாக. "இட்லி கிடையாதா"ன்னா, மாவு பொங்க மாட்டேங்குதாம் அந்தக் குளிருக்கு. மாவே பொங்காத ஊருல மனுசன் எப்படித் தாயி பொங்குவான்?

ஆனா ஒண்ணு. பெருமாள் படத்தை மடியில வச்சுக்கிட்டுப் பொய் சொல்லக்கூடாது. மறுநா காலையில நான் வாசலுக்கு வாரேன், சந்நிதியில தீபாராதனைக்குத் திரையை விலக்குவாகல்ல, அப்படி அந்தப் பனித்திரை மெல்ல மெல்ல விலகுது. அதுக்குப் பின்னாடி, அசைவில்லாம, ஆதிசேசன் மேல அறிதுயில் கொண்ட திருமேனி மாதிரி, நீலமேக வண்ணத்துல ஏரி! என் கை தானா கும்பிட்டுருச்சு. வாய் தொறந்து "ஆகா, எம்புட்டு லட்சணம்!"னேன். லட்சணம்தேன். அந்த இன்னொரு வார்த்தைய நான் சொல்றதில்ல.

ஏன்னா கேக்குற? எங்க வீட்டுக்காரக பேருல அது இருக்கு தாயி. பேரோட முன்பாதியே அதுதான். கல்யாணமான நாள்ல இருந்து அந்த வார்த்தைய நான் வாயில எடுத்ததில்ல. புருசன் பேரச் சொன்னா அவுக ஆயுசு குறையும்னு எங்கம்மா சொல்லி அனுப்புச்சு. உண்மையோ பொய்யோ, எதுக்குச் சோதிச்சுப் பாக்கணும்? சேலை நல்லாருந்தா லட்சணம், கோலம் நல்லாருந்தா சுந்தரம். எங்க பஜனைக் கூட்டத்துல பெருமாளையே அந்தத் திருநாமத்தை விட்டுட்டு மத்த திருநாமம் அத்தனையும் சொல்லித்தான் பாடுவேன். ஊரே அந்தத் திருநாமத்தைச் சொல்லித்தான் சித்திரையில வைகைக்கு ஓடுது, நான் மட்டும் "பெருமாள் வாராரு, பெருமாள் வாராரு"ன்னு ஓடுவேன்.

இதை வச்சு அந்த ஓட்டல்ல பட்ட பாட்டைக் கேளு. போய் எறங்குனதும் பேயாண்டி, "சார் பேரு சொல்லுங்கம்மா"ன்னாரு. இவுக பையை வச்ச கையோட ஏரியைத் தேடிப் போயிட்டாக. நான் என்ன செய்வேன்? பெருமாளை வச்சுச் சொன்னா டக்குன்னு புரிஞ்சிருக்கும். ஆனா ஓட்டல் வாசல்ல நின்னுக்கிட்டு விடுகதைக்குப் பெருமாளை இழுக்குறதான்னு மனசு வரலை. "அசிங்கத்துக்கு எதிர்ப்பதம் சொல்லுங்க தம்பி, அதுக்குப் பின்னாடி மதுரைய ஆண்ட ராசாவைச் சேத்துக்கங்க"ன்னேன். யோசிச்சாரு யோசிச்சாரு... "சுத்தபாண்டியாம்மா?"ன்னாரு! அடக் கடவுளே, "இல்லப்பா"ன்னு சொல்றதுக்குள்ள எழுதிப்புட்டாரு. அன்னையில இருந்து "சுத்தம் சார் காபி சாப்பிடுறீகளா, சுத்தம் சார் குளிச்சாச்சா"ன்னு ஒரே உபசாரம். இவுகளும் மறுத்துச் சொல்லாம "ம், ம்"னு குடிச்சாக. கோர்ட்டுல கட்டுக்கட்டா டைப் அடிச்ச மனுசன், வாயத் தொறந்து நாலு வார்த்தை பேச மாட்டாக.

இன்னொரு கூத்து. ரெண்டாம் நாள் போனை நீட்டி, "அம்மா, மனசுல பட்டதை ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லுங்க, நம்ம ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் குடுப்பீக"ன்னு கேட்டாரு. அர்ச்சனைக்குத்தான் கேக்குறாருன்னு நெனச்சு, "நாங்க ரெண்டு பேரு, ரெண்டு நட்சத்திரம்தானப்பா, அவுகளுக்குத் திருவோணம், எனக்கு ரேவதி"ன்னேன். மூஞ்சி தொங்கிப் போச்சு. ரெண்டுன்னு போட்டுக்கிட்டுப் போயிட்டாரு பாவம்.

தனியாவா வாரீகன்னா கேக்குற? ஆமா தாயி. தனியாத்தேன் வாரேன். அவுக மேலதான் இருக்காக. இருக்கட்டும்! நல்லா இருக்கட்டும்! ரொட்டியும் ஜாமும் தின்னுக்கிட்டு வாத்தோட வாத்தா இருக்கட்டும்!

இன்னைக்குக் காலையில நடந்தது. நான் எந்திரிச்சுப் பாக்குறேன், பக்கத்துல ஆளைக் காணோம். வாசலுக்கு வந்தா ஏரியையும் காணோம், பஞ்சு மூட்டைய அவுத்துக் கொட்டுன மாதிரி பனி. பேயாண்டி சாவகாசமா, "சார் பரிசல்ல போயிருக்காருங்கம்மா"ங்குறாரு. பரிசல்லயா! நீச்சல் தெரியாத மனுசன் தாயி. வைகையில தண்ணி வந்தாலே பாலத்து மேல நின்னு பாக்குற மனுசன். செருப்புக்கூடப் போடாம ஓடுனேன். கரையில நின்னு, "ஏங்க! ஏங்க! இங்க வாங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்துறேன்.

வந்தாக. மூணு பேரு, பக்கத்து ரூம்காரக! ஒருத்தரு பாதி முகத்துல சோப்பு நுரையோட வாராரு. ஒருத்தரு பல்லு வெளக்குற பிரஷ்ஷோட. இன்னொருத்தரு கம்பளிய சுத்திக்கிட்டு, "இந்தா வந்துட்டேன்மா"ன்னு ஓடி வாராரு. அவுக அவுக பொண்டாட்டி கூப்பிடுறதா நெனச்சுட்டாக! அவுகளைக் காணோம்னு பின்னாடியே பொண்டாட்டிமாரும் வந்து, அவுகளும் "ஏங்க, எங்க போனீக"ன்னு கத்த, கரை பூரா ஒரே ஏங்க. பேயாண்டி தன் பங்குக்கு, "சுத்தம் சார்! சுத்தம் சார்!"னு கூவுனாரு. கூட்டுற அம்மா வெளக்குமாத்தோட வந்து நிக்குது.

சிரிக்கிறியா? சிரி. அங்கயும் அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. எனக்கு மட்டும் உசுரு கையில இருந்துச்சு. எல்லாத் திருநாமத்தையும் சொல்லி அழுதேன். ரொம்ப நேரம் கழிச்சுப் பனிக்குள்ள இருந்து பரிசல் வருது, இவுக பனியில தொப்பலா நனைஞ்சு உக்காந்திருக்காக.

நல்ல பொம்பளையா இருந்தா தலையைத் துவட்டி விட்டிருப்பா. நான் சண்டைய ஆரம்பிச்சேன். "இம்புட்டு நேரம் கத்துறேனே, காதுல விழுகலையா?"ன்னேன். "விழுந்துச்சு"ன்னாக. "பின்ன?" "அது யார் வீட்டு ஏங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"னாக. என் குரல் தெரியாதாக்கும்! அப்பத்தான் மொத மொதல்ல நீளமாப் பேசுனாக தாயி. "எல்லாப் பக்கமும் ஏங்க, ஏங்கன்னு கேக்குது. எது கரை, எது தண்ணின்னே தெரியலை. பரிசல் சுத்திக்கிட்டே இருக்கு. பயந்து போய் உக்காந்திருந்தேன். ஒரே ஒரு தடவை என் பேரச் சொல்லியிருந்தா, இது எனக்கு வந்த குரல்னு அந்தப் பக்கமாத் துடுப்புப் போட்டிருப்பேன்"னாக.

அப்பவாச்சும் வாயை மூடணும்ல? மூடலை. "பேரைச் சொல்லி உங்க ஆயுசைக் குறைக்கச் சொல்றீகளா?"ன்னேன். "இன்னைக்குச் சொல்லாம இருந்ததுலதான் குறைய இருந்துச்சு. பேரைச் சொல்லிக் கூப்பிடு, கூட வாரேன். இல்லைன்னா இங்கேயே இருந்துக்கிறேன்"னாக. "இருந்துக்கங்க! நான் போறேன்!"னுட்டேன். போறேன்னு சொல்லிப்புட்டேன் தாயி. நம்ம பக்கம் பக்கத்துக் கடைக்குப் போனாக்கூட வாரேன்னுதான சொல்லுவோம்? அந்த வார்த்தையக் கேட்டதும் அவுக மூஞ்சி ஒரு மாதிரி ஆயிப்போச்சு. பையைத் தூக்கிட்டு வந்து பஸ்ஸுல முன்வாசல் வழியா ஏறி இங்க உக்காந்துட்டேன். ஓடி வருவாகன்னு சன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தேன். வேட்டி நுனியக்கூடக் காணோம்.

அவுக பிரஷர் மாத்திரை இந்தப் பையில இருக்கு. செல்போனும் இந்தப் பையிலதான். வத்தலக்குண்டுல எறங்கி மேல போற பஸ்ஸைப் பிடிக்கலாமான்னு ஒரு மனசு சொல்லுது. போனா, பேரைச் சொல்லணும். அதை நெனச்சா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிருது.

என்ன கேட்ட? நீச்சல் தெரியாதவுக எதுக்குப் பரிசல்ல போனாகன்னா?... அது எதுக்கு இப்ப... காத்து வாங்கப் போயிருப்பாக. காத்து... இல்ல தாயி. படம் மடியில இருக்கு. துளசி பறிக்கப் போனாக. முந்தின நாள் சாயந்தரம் நாந்தேன் ஆர்ப்பாட்டம் பண்ணேன். திருத்துழாய் சாத்தாம தீர்த்தம் எடுக்க மாட்டேன், பச்சத்தண்ணி பல்லுல படாதுன்னு ஒரே பிடிவாதம். அக்கரையில ஒரு தோட்டத்துல, குளிர் தாங்கப் போட்ட பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள துளசிச் செடி இருக்குன்னு பேயாண்டி சொல்லியிருக்காரு. நான் எந்திரிக்கிறதுக்குள்ள கொண்டாந்துரணும்னு விடியுறப்பவே போயிருக்காக. சண்டை போடுறப்ப கூட கையில அந்தக் கொத்தைப் பிடிச்சுக்கிட்டேதான் நின்னாக. அதையும் நான் வாங்கலை... என்னையப் பாக்காத தாயி, சன்னல் பக்கம் பாரு.

இந்தா, கண்டக்டர் வந்துட்டாரு. பின்னாடி இருந்து டிக்கெட் போட்டுக்கிட்டு இப்பத்தான் நம்ம வரிசைக்கு வாராரு. தம்பி, மதுரை ஆரப்பாளையம் ஒண்ணு குடுங்க... என்ன? எடுத்தாச்சா? பாத்தியா, இந்த பஸ்ஸுலயும் பொம்பளைகளுக்கு இலவசம் போல! மவராசனா இருக்கட்டும் கவர்மெண்ட்டு... என்ன தாயி காட்டுற? உன் டிக்கெட்டா? நீ காசு குடுத்தா வாங்குன? அப்ப எனக்கு மட்டும்... தம்பி, தம்பி, என் டிக்கெட்டை யாரு எடுத்தா? பின்னாடியா? பெரியவரா? நனைஞ்ச வேட்டியா!

பெருமாளே! பின்வாசல்ல ஏறியிருக்காக தாயி. ஏறுனதுல இருந்து அங்கதான் உக்காந்திருக்காக. திரும்ப மாட்டேன். நான் திரும்ப மாட்டேன். நீ பாத்துச் சொல்லு. என்ன பண்றாக? இங்கயே பாத்துக்கிட்டு இருக்காகளா? கையில என்ன இருக்கு? கொத்தா? பச்சையா?... ம்.

வத்தலக்குண்டு வந்துருச்சா? நீ எறங்கணுமா? இரு, கால எடுத்துக்கிறேன், பாத்துப் போ. ஏ தம்பி, ஏ தம்பி! அந்தப் பலாப்பழத்தைச் சீட்டுல வைக்காத! ஆளு வருது. ஆமா, வருது. எங்கன்னா... பின்னாடி இருக்காக. கூப்பிடுறேன், இருப்பா. ஏங்க! ஏங்க!... ஐயோ, டிரைவர் தம்பி, உங்களை இல்ல, நீங்க ரோட்டைப் பாருங்க. நீங்களும் இல்லண்ணே, உக்காருங்க. மறுபடியும் அதே கூத்தா! தம்பி, பழத்தை வைக்காதன்னு சொல்றேன்ல? வைக்கிறானே!

சோலைமலைப் பெருமாளே, சொன்னா ஆயுசு குறையும்னா என் ஆயுசுல இருந்து எடுத்து அவுகளுக்குச் சேத்துக்க... அ... அழ...

அழகுபாண்டி அவர்களே! முன்னாடி வாங்க!

...வாங்க. என்ன சிரிப்பு? கேட்டுச்சுல்ல? இன்னொரு தடவையெல்லாம் சொல்ல முடியாது, உக்காருங்க. மொதல்ல மாத்திரையப் போடுங்க. அந்தத் துளசியக் குடுங்க இப்பிடி, நசுக்கிறாம. தலை இன்னும் ஈரமா இருக்கே, குனிங்க.

ஏன்ப்பா, பஸ்ஸே திரும்பிப் பாத்துச் சிரிக்கிறீகளா? சிரிங்க. சிரிச்ச உங்க அம்புட்டுப் பேருக்கும், இதைக் கேட்ட ஒவ்வொருத்தருக்கும் பெருமாள் நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும். நீங்க திசை தெரியாமச் சுத்துற நேரத்துல எல்லாம், இது எனக்கான குரல்தான்னு புரியுற மாதிரி, உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட கரையில ஒருத்தர் எப்பவும் இருக்கட்டும்.