மயிலையின் மணி

பினாங்கில் மாட்டுவண்டிக்காரர்கள் குடியிருந்த தெருவின் குழாயடி. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

"எங்க வீட்டுக்காரரு இப்பல்லாம் கழுத்துல மாட்டு மணிய கட்டிக்கிட்டுதான் படுக்கிறாருக்கா" என்றாள் இளையவள்.

"இது என்னடி கூத்து?"

"எங்க செவலைக் காளைக்கு ரெண்டு கண்ணும் போச்சு, எந்திரிக்கவும் முடியல. அதோட ஜோடி மயிலைக் காளை போன மாசம் செத்துச்சில்ல? அந்த மயிலையோட மணிச் சத்தம் பக்கத்துல கேட்டாத்தான் இது தண்ணியில வாய வைக்குது. இனிமே பிழைக்காதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. இருக்கிற வரைக்கும் நோகாம இருக்கட்டும்னு இவரு புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவி, புரட்டிப் போட்டு, கூடவே படுத்துக்கிறாரு."

"கறிக்கடைக்காரன் வந்தானாமே?"

"வந்தான். பன்னெண்டு வருஷம் எனக்குச் சோறு போட்டவன விப்பேனான்னு கேட்டு அனுப்பிட்டாரு."

"மனுசன்னா அவருதாண்டி! பெத்த புள்ளகூட இப்படிப் பாக்காது. சரி, பகல்ல அவரு மூட்டை தூக்கப் போயிட்டா?"

இளையவள் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள். அவள் முந்தானைக்குள்ளிருந்து மணிச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.