அங்கணத்து அடைப்பு

காரணத்தைத்தானே கேட்கிறீர்கள், அதற்குத்தான் வருகிறேன், இன்ஸ்பெக்டர். வடித்த கஞ்சியை அங்கணத்தில் கொட்டாதே என்று என் மனைவி பாகீரதியிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே. கஞ்சி ஆறிக் கட்டியாகி, பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் அடுப்படியிலேயே தேங்கி நிற்கும்.

சிம்மக்கல்லில் எங்களுடையது பழைய வீடு. அங்கணத்துக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்சந்தில் முடிகிறது. அடைத்துக்கொண்டால் கருப்புவுக்குச் சொல்லி அனுப்புவேன். பதினெட்டு வருஷமாக அவன்தான். அடுப்படிக்குள் அவன் வர முடியாது. அது நான் உண்டாக்கிய வழக்கம் இல்லை. சந்தில் குப்புறப் படுத்து மூங்கில் பிளாச்சை நுழைத்துக் குத்துவான். உள்ளே நான் வாளியோடு நிற்பேன். "ஊத்துங்க சாமி" என்று குரல் வந்ததும் ஊற்றுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. தீபாவளிக்கு என் பழைய வேட்டி ஒன்று அவனுக்கு உண்டு.

போன செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். அதைக் கழற்றி, மடித்து, மதில்மேல் வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"இதுதான் சாமி கடைசி. எம் மக சோலையம்மா சமயநல்லூர்ல டீச்சராச் சேந்துட்டா. இனிமே பிளாச்சத் தொட்டா சோறு கிடையாதுங்குறா. நீங்க கூப்ட்டீகன்னுதான் அவளுக்குத் தெரியாம வந்தேன்."

"சந்தோஷம்" என்றேன்.

"அடுத்த தடவ வாசல் வழியா வாரேன். காப்பி குடுப்பீகள்ல?"

சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தான். எனக்குக் கோபம் வரவில்லை. என் மகள் ஸ்யாமளாவும் டீச்சர் ட்ரெய்னிங் முடித்தவள்தான். நாலு வருஷமாக எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் கார்டுக்குக் காத்திருக்கிறாள். அதை இதோடு சேர்த்து எழுத வேண்டாம்.

அன்று வாளியில் இருந்தது வெறும் தண்ணீர் இல்லை. வெந்நீரில் காஸ்டிக் சோடா கரைத்து வைத்திருந்தேன். கஞ்சிக்கட்டி கரையும் என்று கடைக்காரர் சொன்னார். கை பட்டால் தோல் உரிந்துவிடும் என்றும் சொன்னார். நான் கம்பால்தான் கலக்கினேன். கருப்புவிடம் சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

சிறிது நேரத்தில் அடைப்பு உடைந்தது.

"விட்டுருச்சு சாமி. ஊத்திராதீக, இருங்க. உள்ள வெள்ளி மாதிரி என்னமோ மின்னுது. பாத்துக்கிறேன்."

பாகீரதி ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த, பூஜையில் தீர்த்தம் எடுக்கிற உத்தரணிக் கரண்டி. எங்கள் பொருளை எங்களிடம் எடுத்துக் கொடுக்கத்தான் அவன் குழாயில் கண்ணை வைத்திருந்தான். அது எனக்குத் தெரிந்தது.

ஊற்றினேன். பாதி வாளியில் சத்தம் கேட்டது. மீதியை வைத்து என்ன செய்ய என்று அதையும் ஊற்றினேன்.

இரண்டு கண்ணும் போய்விட்டது என்கிறீர்கள். ஒரு கண்ணைத்தானே வைத்திருப்பான் என்று நினைத்தேன்.

உத்தரணி சந்தில் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பூஜையில் வைத்துவிட்டோம். வெள்ளைச் சட்டை மதில்மேல் அப்படியே இருக்கிறது. அதை நாங்கள் தொடவில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? ஒரு சின்ன உதவி, இன்ஸ்பெக்டர். நேற்றுக் குழாய் மறுபடியும் அடைத்துக்கொண்டது. யாருக்குச் சொல்லி அனுப்பினாலும் வரமாட்டேன் என்கிறார்கள். உங்கள் ஸ்டேஷனில் கூட்டிப் பெருக்குகிற ஆளை ஒரு நடை அனுப்பிவைப்பீர்களா? சந்து வழியாக வரச் சொல்லுங்கள்.