மூன்றாவது டிராயர்

பழைய மர அலமாரி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். கைப்பிடி பித்தளையா, கண்ணாடி தெளிவாக இருக்கிறதா, பளபளக்கிறதா, அத்தோடு சரி. நான் முதலில் ஒரு டிராயரை முழுசாக வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்புவேன். அடியில் ஒட்டுப்பலகை இருந்தால் அதை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். மூலைகளைப் பார்க்க வேண்டும். இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் கோணல்மாணலாக. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அது மெஷின் வெட்டியது.

இதெல்லாம் எதற்கு என்று உங்கள் முகம் கேட்கிறது சார். முதலிலிருந்து சொல்லச் சொன்னது நீங்கள்தான். இந்த மேஜை ஓரத்தில் மைக்கா பெயர்ந்திருக்கிறது, நகத்தால் நான் சுரண்டிக்கொண்டே இருந்தால் தப்பாக நினைக்காதீர்கள். எனக்குக் கை சும்மா இருக்காது. நாற்காலியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் கால் ஆடத் தொடங்கிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

என் தொழில் வீடுகளுக்குப் பழைய மரச்சாமான் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. கல்யாணம் காட்சி என்று எனக்கு ஒன்றும் இல்லை. உறவு என்று சொல்ல ஒரே தங்கை. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனிதர், ஆனால் எதைக் கண்டாலும் ஸ்க்ரூ போடுவார். மனசுக்குள் நான் அவருக்கு வைத்திருந்த பெயர் முடுக்கி.

அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோனபோது, துணிமணி வைக்க நல்லதாக ஒன்று நீயே பார்த்து வாங்கிக் கொடு என்று தங்கை கேட்டாள். மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் அது கிடைத்தது. ஐந்து டிராயர், கழுத்தளவு உயரம், அதற்கு மேல் சட்டம் போட்ட கண்ணாடி. அழுக்கு ஏறிக் கன்னங்கரேல் என்றிருந்தது. உறுதியான சாமான், தங்கை வீட்டுக்குப் போதும் என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு டிராயரைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் நான் வாங்கியது அது ஒன்றைத்தான். தங்கைக்குத்தானே என்ற அலட்சியம்.

அவள் வீட்டில் வைத்து அழுக்கைத் துடைத்தபோதுதான் தெரிந்தது. அத்தனையும் ஈட்டி மரம். ஐந்து டிராயர்களின் முகப்பும் ஒரே பலகையிலிருந்து அறுத்தவை. ரேகை மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஓடியது. அந்த மாதிரி ஒன்று என் கைக்கு அதற்கு முன் வந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. வீட்டுக்குத் திரும்பினேன், இருப்புக்கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டில் அதற்கென்று ஒரு சுவரைக்கூடக் காலி செய்து வைத்தேன்.

மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டுப் பார்த்தேன் சார். இதைவிடப் பெரிதாக, புதுசு மாதிரி ஒன்று தருகிறேன் என்றேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற புத்தி உனக்கு இன்னும் போகவில்லையா என்று தங்கை சிரித்தாள். முடுக்கியும் சேர்ந்து சிரித்தார். அவர் ஏற்கெனவே அதன் முதுகில் இரண்டு இரும்புக் கிளாம்ப் வைத்து, பலகையைத் துளைத்து, சுவரோடு முடுக்கியிருந்தார். பாதுகாப்பாம். அந்த ஓட்டைகளை நினைத்தால் என் விலாவில் யாரோ துளை போட்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஏதாவது சாக்கு வைத்து அங்கே போய்க்கொண்டே இருந்தேன். ஒருமுறை போனபோது அதன்மேல் ஈரத் துண்டு கிடந்தது. இன்னொருமுறை இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அவள் டிராயர்களை நடத்தும் விதமே வேறு. துவைத்த துணியை மடித்து வைக்கும்போது ஒன்றைத் திறந்து, வைத்து, மூடிவிட்டு அடுத்ததற்குப் போகிற பழக்கம் கிடையாது. ஐந்தையும் மாடிப்படி மாதிரி இழுத்து விட்டுக்கொண்டு, நடுவில் மண்டி போட்டு உட்கார்ந்துகொள்வாள். சின்னப் பெண்ணாக இருந்தபோதும் அப்படித்தான். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

பிறகு ஒரு நாள் சாவகாசமாகச் சொன்னார்கள், டிவி வைக்க உயரம் அதிகமாக இருக்கிறதாம். மேலே மூன்று டிராயரை அறுத்து எடுத்துவிடத் தச்சரிடம் சொல்லியிருக்கிறார்களாம். கெஞ்சினேன். முடுக்கி எழுந்து வெளியே போய்விட்டார். தங்கை அலமாரியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"அது மரம், அண்ணா. நான் உன் தங்கச்சி. வீட்டுக்குள்ள வந்ததும் மொதல்ல அதத்தான் தடவிப் பாக்குற. என்னைக்காவது என்னைப் பாத்து, சாப்பிட்டியா, உடம்பு எப்படியிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கியா?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் சாய்ந்து நின்றிருந்த இடத்தில் அவளுடைய வளையல் மரத்தில் உரசிக்கொண்டிருந்தது. என் கவனம் அங்கே போய்விட்டது.

தச்சர் வருவதற்கு முந்தின நாள், முடுக்கி வேலைக்குப் போன பிறகு, மெழுகு டப்பாவும் துணியும் எடுத்துக்கொண்டு போனேன். அறுபடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை மெழுகு போட்டுவிடுகிறேன் என்றேன். தங்கை கண் கலங்கினாள். துவைத்த துணியைக் காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். எனக்கு வேண்டிய நேரம் கிடைத்தது.

கிளாம்ப் இரண்டையும் கழற்றினேன். அது என் கடமை என்றே நினைத்தேன். இரும்பு மரத்தைத் தின்றுவிடும். டிராயர்கள் ஓடும் கட்டைகளில் மெழுகு தேய்த்தேன். விரலால் இழுத்தால்கூட வழுக்கிக்கொண்டு வந்தன. பிறகு சில்லு. உயரமான சாமானை எப்போதும் முன்கால்களுக்கு அடியில் மெல்லிய மரச்சில்லு கொடுத்துத்தான் நிறுத்துவோம், அப்போதுதான் மயிரிழை அளவு பின்பக்கம் சாய்ந்து சுவரோடு நிற்கும். அந்தச் சில்லுகளை எடுத்துப் பின்கால்களுக்குக் கொடுத்தேன். ஏன் என்றால், தரை அங்கே கொஞ்சம் பள்ளமாகத் தெரிந்தது. அப்படித்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சோதித்துப் பார்க்காமல் ஒரு வேலையையும் விட்டுவிட்டு வருகிறவன் இல்லை நான். ஒரு டிராயரை இழுத்தேன், அசையவில்லை. இரண்டாவது, அப்போதும் நின்றது. மூன்றாவதை இழுக்கையில் பின்கால்கள் தரையை விட்டு எழும்பின. நெஞ்சைக் கொடுத்துத் தாங்கி, ஒவ்வொன்றாக மெல்ல உள்ளே தள்ளினேன். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவ்வளவு கனம்.

அந்த அறையில் அலமாரிக்கு எதிரே வெறும் தரைதான். கட்டில் அந்தப் பக்கச் சுவரோரம். நான் ஒரு கம்பளம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன், கடையில் இருந்ததிலேயே தடிமனானது. அதை அலமாரியின் முன்னால் விரித்தேன். மாடியிலிருந்து வந்த தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள். காலுக்கு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். கல் தரையில் மோதினால் ஈட்டி மரம் பிளந்துவிடும் சார். பழைய கண்ணாடி தூள்தூளாகிவிடும்.

வீட்டுக்கு வந்து உட்கார முடியவில்லை. கதவைத் திறந்தேன், மூடினேன். போனை எடுத்தேன், வைத்தேன். துணி காய்ந்திருக்கும், இப்போது எடுத்திருப்பாள், மடித்திருப்பாள் என்று மனசு தன்பாட்டுக்கு ஓடியது. தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். மளிகைக்கடைக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சாயங்காலம் முடுக்கிதான் போன் செய்தார். அவருக்கு அழுகைதான் வந்தது. தங்கை போய்விட்டாள் என்று புரிந்தது. நான் கேட்ட முதல் கேள்வி கண்ணாடி உடைந்ததா என்பது. அதிர்ச்சியில் உளறுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, இதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் எப்படி இந்த வீட்டில் இருப்பீர்கள், நான் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தூக்குவதற்கு அவரே ஒரு கை கொடுத்தார். அன்று பதற்றத்தில் தூக்கி நிறுத்தியபோது கவனிக்காத அதன் முதுகை, நகர்த்தும்போது பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கிளாம்ப் இல்லை. அதைவிட, ஓட்டையும் இல்லை.

அது ஒன்றுதான் நான் செய்த பிழை. அந்த ஓட்டைகளைத் திறந்தபடி விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. மரத்தின் நிறத்துக்கே மெழுகைக் குழைத்து, அடைத்து, தேய்த்து, ரேகையைக்கூட ஊசியால் இழுத்துவிட்டிருந்தேன். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆனால் ஸ்க்ரூ போட்டவருக்குப் போட்ட இடம் தெரியும். கட்டைவிரல் நகத்தால் கீறினார். மெழுகு உருண்டு வந்தது.

"இவ்வளவு பொறுமையா வேற யாரு மச்சான் அடைச்சிருப்பா?"

அவ்வளவுதான் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. பிறகு குனிந்து சில்லுகள் கிடந்த இடத்தைப் பார்த்தார், உங்களுக்குப் போன் செய்தார்.

ஒரு சேதி மிச்சம் இருக்கிறது. அதை நான் விட்டுவிட்டுச் சொன்னதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அன்று கம்பளத்தை விரித்துவிட்டு நான் கிளம்பும்போது தங்கை டீ கொண்டுவந்தாள். ஒரு டிராயரை இழுத்துப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு முகம் மாறிவிட்டது.

"அன்னைக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன். மனசுல வச்சுக்காத. நீ இவ்வளவு ஆசையா பாத்துக்கிறத அறுக்க எனக்கு மனசு வரல. தச்சர வரவேணாம்னு காலையிலயே சொல்லிட்டேன். இது இப்படியே இருக்கட்டும், அண்ணா. நீ எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கோ."

நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை அளவாக இருந்தது, எனக்கு எப்படிப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் துணிக்கூடையை எடுக்க மாடிப்படி ஏறினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மரத்தைக் காப்பாற்றத்தான் இதையெல்லாம் செய்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது ஏற்கெனவே பிழைத்துவிட்டதே, அப்போதே சில்லைப் பற்றி ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். நானும் யோசித்துப் பார்த்தேன் சார். சொல்லியிருந்தால் அலமாரி அவள் வீட்டிலேயே அல்லவா இருந்திருக்கும்.