அப்பா கேட்காத கேள்வி

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் பெருந்தகை ஓத்தாவியோ அவர்களே! பட்டுத் தொப்பியும் பழுத்த அறிவுமாய் வீற்றிருக்கும் சியேனா நகரத்துச் சான்றோர்களே! கடைசி வரிசையில் நின்றாலும் முதல் ஆளாய்ச் சிரிக்கிற தாய்மார்களே! கூத்துக்காரி ஒர்சோலாவின் பணிவான வணக்கம்.

பதினோரு ஆண்டுகள் அடக்கமான மகளாகவே நடித்தவள் நான். எப்படிப்பட்டவள் அந்த மகள்? தெருவில் கால் வைக்காதவள். சன்னலை விட்டு நகராதவள். "உங்க இஷ்டம்ப்பா" என்பதற்கு மேல் ஒரு சொல் அறியாதவள்! கிழட்டு வைத்தியனுக்குக் கட்டி வைத்தாலும் உங்கள் இஷ்டம்! கன்னிமடத்தில் அடைத்து வைத்தாலும் உங்கள் இஷ்டம்! அங்கே என்ன சிரிப்பு, ஐயா? நாடகம் எழுதும் அவையாரே, அவளை இப்படி எழுதியவர்களே நீங்கள்தானே!

உங்கள் நாடகங்களைப் போல எங்கள் குழுவின் சொந்தக் கதைகளுக்கு வசனம் எழுதித் தருவதில்லை. எந்தக் காட்சியில் என்ன நடக்கும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பின்னால் தொங்கவிடுவார்கள். பேச்சு அவரவர் பாடு. சென்ற திருவிழாவில், அப்பாவாக நடிக்கும் எங்கள் தலைவர் பெர்த்தோல்தோ முந்தின நாள் தாளைப் படித்துவிட்டு மேடையேறிவிட்டார்! முந்தின நாள் கதையில் மகள் சொத்துள்ள விதவை, நடித்தவள் வேறொருத்தி; அவளைக் கேட்காமல் காரியம் நடக்காது. அன்றைய கதையிலோ என்னைக் கேட்காமலே வைத்தியருக்குக் கொடுக்க வேண்டும். மனிதர் நான் நின்ற சன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இந்த வைத்தியர உனக்குப் புடிச்சிருக்கா?"

பதினோரு ஆண்டில் அந்தப் பெண்ணிடம் எவரும் கேட்காத கேள்வி! கூட்டத்தில் ஒரு ரொட்டிக்காரி கத்தினாள்: "சொல்லேன்டி! வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துரும்?"

தலை குனிந்தபடியே, அதே பணிவான குரலில் சொன்னேன்: "புடிக்கலப்பா."

சதுக்கமே அதிர்ந்தது! உள்ளே வந்த பெர்த்தோல்தோ குதித்தார்.

"கதையவே கவுத்துட்டியேடி, பாவி!"

"கேட்டீங்க, சொன்னேன்."

"கேட்டாத்தானே சொல்லுவ? இனிமே கேக்கவே மாட்டேன், போ!"

சான்றோர்களே! அவள் ஊமையா? இல்லை. உணர்வில்லாதவளா? இல்லை. கேட்பாரில்லாதவள்! அவளைக் கேளாமலே கதையை முடித்துவிட்டு, அடக்கத்தின் அணிகலன் என்று புகழ்ந்தோமே, அது நியாயமா?

வரும் விழாவுக்கு இந்த அவை எழுதியிருக்கும் நாடகத்தைப் படித்தேன். ஐந்து அங்கம், ஒன்பது "உங்கள் இஷ்டம்"! இப்படியே இருந்தால் நான் நடிக்க மாட்டேன். வேறொருத்தி வருவாள், என் பிழைப்பு போகும். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மாட்டேன். அவளுக்கு நீண்ட வசனம் வேண்டாம், ஐயா. அப்பன் வாயில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். பதிலை நான் பார்த்துக்கொள்கிறேன்!

கைதட்டிய கைகளுக்கு நன்றி. கூத்துப் பார்க்கக் கூடாதென்று வீட்டில் விட்டு வந்திருக்கிறீர்களே, கல்யாண வயதுப் பெண்கள், அவர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!